21 வருடம் கழித்து வந்து நிற்கும் அப்பா: சட்டம் சொல்வதும் அம்மா இன்னும் சொல்லாததும்

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். ஊர், பெயர், வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 31. திருமணமாகிப் பக்கத்து ஊரில் இருக்கிறார். 2004-இல், அவருக்குப் பத்து வயதும் தம்பிக்கு நாலு வயதும் இருக்கும்போது, லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போன அப்பா வீடு திரும்பவில்லை. அதற்கு முன்பும் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பவர்தான். இரண்டு வருடம் போனபின், கர்நாடகத்தில் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார், அங்கே பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று தெரியவந்தது. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய், ராத்திரியில் வீட்டில் தையல் மிஷின் மிதித்து, இருவரையும் படிக்க வைத்தார். தாய்மாமா பக்கபலமாக இருந்தார். 2010-இல் ரேஷன் கார்டிலிருந்து அப்பா பெயரை எடுத்தார்கள். 2013-இல் சீட்டுப் பணம், மகளிர் குழுக் கடன், கொஞ்சம் நகை எல்லாவற்றையும் போட்டு அம்மா தன் பெயரில் இரண்டரை சென்ட் வாங்கி, சின்னதாக ஒரு தார்சு வீடு கட்டினார்.

இப்போது கர்நாடகத்துப் பெண் இறந்துவிட்டார். அங்கே பிறந்த பிள்ளைகள் அப்பாவை வைத்துக்கொள்ளவில்லை. 62 வயதில், முற்றிய சர்க்கரை வியாதியும் காலில் ஆறாத புண்ணுமாக அவர் தன் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். தம்பி பல மாதமாக யாருக்கும் சொல்லாமல் அவரோடு வாட்ஸ்அப்பில் பேசியதும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் போன மாதம்தான் வாசகிக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அம்மா தினமும் தூக்குப்போசியில் சாப்பாடு கொடுத்தனுப்புகிறார் என்பது. அப்பாவோ, "கட்டுன புருசனுக்கு அந்த வூட்டுல பாத்தியதை இல்லியா?" என்று சொந்தக்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரேஷன் கார்டில் தன் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்கிறார். தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். பத்திரிகையில் அப்பா பெயர் போட்டே ஆக வேண்டும் என்று அத்தைமார் நிற்கிறார்கள்.

"ஏழு வருஷம் பிரிஞ்சிருந்தா கல்யாணம் தானா ரத்தாயிரும்னு மாமா சொல்றார், அது சரிதானே? விட்டுட்டுப் போனவருக்கு நாங்க சோறு போடணும்னு சட்டம் இருக்கா? இவருக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லைன்னு பேப்பர்ல விளம்பரம் கொடுத்தா போதுமா? வீட்டை உடனே என் பேருக்கு மாத்திக்கலாமா? அம்மாவை எப்படித் தடுக்கிறது?" இவைதான் கேள்விகள்.

*

அன்புச் சகோதரிக்கு,

முதலில் பயத்தைக் குறைக்கிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா அந்த வீட்டுக்குள் வந்து உரிமையோடு உட்கார முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 14-ஆவது பிரிவுப்படி அந்த வீடு அம்மாவின் முழுச் சொத்து. அம்மா உயிரோடு இருக்கும்வரை அதில் கணவருக்குப் பங்கும் இல்லை, தங்கும் உரிமையும் இல்லை. அம்மாவின் சம்மதம் இல்லாமல் படி ஏறினால் போலீசுக்குப் போகலாம். பழைய அடிதடி திரும்பினால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இருக்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

ஆனால் உங்கள் மாமா சொன்ன ஏழு வருடக் கணக்கு தவறு. இந்த ஒரு தவறான நம்பிக்கைமேல்தான் உங்கள் குடும்பம் இத்தனை வருடமும் நிம்மதியாக இருந்திருக்கிறது. (நீங்கள் இந்துக் குடும்பம் என்பதால் அந்தச் சட்டங்களை வைத்துப் பேசுகிறேன். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு மணவிலக்கும் வாரிசுரிமையும் வேறு மாதிரி.)

ஏழு வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது

ஒருவரைப் பற்றி ஏழு வருடமாக, வழக்கமாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஒரு தகவலும் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. இந்துத் திருமணச் சட்டத்திலும் அதை ஒட்டி, ஏழு வருடம் உயிரோடு இருப்பதாகவே தகவல் இல்லாத துணையிடமிருந்து விவாகரத்து கேட்க ஒரு பிரிவு உண்டு. காணாமல் போனவர்களுக்கான ஏற்பாடு இது. உங்கள் அப்பா காணாமல் போகவில்லை. எந்த மாநிலத்தில், யாரோடு இருக்கிறார் என்பது 2006-லேயே ஊருக்கே தெரியும். ஒருவேளை அவர் உண்மையிலேயே காணாமல் போயிருந்தாலும், கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்காமல் கல்யாணம் தானாக முறியாது. சில சமூகங்களில் வழக்கப்படி அத்துவிடுவதைச் சட்டம் ஏற்கிறது. அது நடந்ததை நிரூபிக்க வேண்டும்; உங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

ரேஷன் கார்டில் பெயர் எடுத்ததும் அப்படித்தான். அது அரிசி, சர்க்கரைக்கான பதிவு. கல்யாணத்தை அது தொடாது.

ஆக, 21 வருடம் ஆகியும் சட்டத்தின் கண்ணில் உங்கள் அம்மாவும் அவரும் கணவன் மனைவிதான். இதைப் படிக்கும்போது உங்களுக்கு எரிச்சல் வரும், தெரியும். ஆனால் அடுத்து வருவதெல்லாம் இதைப் பொறுத்தது.

வீடு இன்று அம்மாவுடையது, நாளை யாருடையது

அம்மா உயில் எழுதாமல் காலமானால், வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி அவருடைய சொத்து மகன், மகள், கணவர் மூவருக்கும் சமமாகப் போகும். கணவர் எத்தனை வருடம் விட்டுப் போயிருந்தார் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் போன பல குடும்பங்கள், துக்கம் கேட்க வந்தவர் பங்கு கேட்டு நிற்பதைப் பார்த்திருக்கின்றன.

இதைத் தடுக்க விவாகரத்துகூட வேண்டியதில்லை. ஓர் உயில் போதும். தன் முழுச் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்க அம்மாவுக்கு உரிமை உண்டு. உயிலுக்கு முத்திரைக் கட்டணம் கிடையாது. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவர்கள் சாட்சியாக இல்லாமல் இருப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயமில்லை. இருந்தாலும் உங்கள் நிலையில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். நாளைக்கு "உடம்பு முடியாத நேரத்தில் மிரட்டி எழுதி வாங்கினார்கள்" என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

வீட்டை உடனே உங்கள் பெயருக்கு மாற்றுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த நிமிடம் அந்த வீடு அம்மாவுடையது இல்லை. 54 வயதில், சீட்டுக் கட்டி வாங்கிய வீட்டில் அவர் மகளின் தயவில் இருப்பவராக ஆகிவிடுவார். நீங்கள் நல்ல மகள்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அப்பாவைப் பற்றிய உங்கள் பயத்துக்கு அம்மாவின் வீட்டை விலையாகக் கொடுக்க வேண்டாம். தம்பிக்கும் அது மனக்கசப்பை உண்டாக்கும். உயில் எழுதினால் வீடு அவர் கையிலேயே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பெரும்பாலானவர்கள் மறப்பது. பனியன் கம்பெனியில் அம்மாவுக்குப் பி.எஃப். பிடித்தார்களா? பிடித்திருந்தால் நாமினி யார் என்று பாருங்கள். பி.எஃப். திட்டத்தில் ஒரு பெண் உறுப்பினர், கணவரைத் தன் குடும்பத்தின் கணக்கிலிருந்து விலக்க விரும்புவதாக எழுத்தில் தெரிவிக்க இடம் இருக்கிறது. வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி. இருந்தால் அவற்றின் நாமினியையும் சரிபாருங்கள்.

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கச் சொல்வது ஏன்

இதை நீங்கள் அவமானப் பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேறு காரணம் தோன்றுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப அட்டையை வைத்துத்தான் குடும்பத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியுண்டு. காலில் ஆறாத புண்ணோடு இருப்பவரிடம் ஆஸ்பத்திரியில் யாராவது "கார்டு இருக்கா?" என்று கேட்டிருப்பார்கள். அவர் கேட்பதில் சூழ்ச்சியைவிடத் தேவைதான் அதிகமாக இருக்கலாம்.

ஆனாலும் அம்மாவின் கார்டில் சேர்க்க வேண்டாம். வீட்டு உரிமை அதனால் போய்விடாது. ஆனால் ஒரே முகவரியில் ஒரே குடும்பமாக வாழ்கிறார்கள் என்பதற்கு அது ஆதாரமாகிவிடும். பின்னால் அம்மா விவாகரத்து கேட்க நினைத்தால் இடைஞ்சல். அப்பா இப்போது இருப்பது பெரியப்பா வீட்டில். அந்த முகவரியில் அவருக்கு அட்டை வாங்க வழி தேடட்டும். விண்ணப்பம் போடத் தம்பி உதவுவதில் தப்பே இல்லை.

பெரியப்பா நீட்டும் பேப்பர்

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "அப்பாரு (அப்பாவின் அப்பா) நிலம் விக்கிறாங்களாம், பெரியப்பா நானும் தம்பியும் சும்மா ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்னு சொன்னார், அதெல்லாம் எனக்கு வேண்டாம்." கோபத்தில் நீங்கள் தள்ளிவிட்ட இந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

வக்கீல் புத்தி என்று நினைத்தாலும் பரவாயில்லை, கேட்கிறேன். 21 வருடம் வராதவர் இப்போது வந்ததற்கு நோய் மட்டும்தான் காரணமா? நிலத்துக்குப் பார்ட்டி வந்ததும் காரணமா? விட்டுப்போன அப்பாக்கள் திரும்பி வருவதற்கும் பூர்வீகச் சொத்து விற்பனைக்கும் சம்பந்தம் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவரைத் தேடிப் பிடித்து வரவழைத்ததே அண்ணனாக இருக்கலாம்.

தாத்தா சொத்து என்றாலே பேரப்பிள்ளைக்குப் பங்கு என்று ஊரில் சொல்வது பாதிதான் உண்மை. அந்த நிலம் அப்பாருவுக்கு அவர் அப்பா, தாத்தா வழியாக வந்து, பாகம் பிரியாமல் இருக்கும் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால், உங்களுக்கும் தம்பிக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு. மகள் என்பதால் குறையாது. தமிழ்நாடு 1989-லேயே திருமணமாகாத மகள்களுக்கு இந்த உரிமையைத் தந்தது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் தந்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் அது பிறப்பால் வரும் உரிமை என்று உறுதிப்படுத்தியது. மாறாக, அப்பாரு தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், அப்பத்தா, பெரியப்பா, உங்கள் அப்பா, அத்தைமார் எல்லாருக்கும் சம பங்கு. உங்கள் அப்பாவின் பங்கு அவருக்கே சொந்தம். அவர் உயிரோடு இருக்கும்போது நீங்கள் அதில் கேட்க முடியாது. அவர் உயில் எழுதாமல் காலமானால்தான் உங்களுக்கும் தம்பிக்கும் அம்மாவுக்கும் அதில் பங்கு வரும்.

எது என்பது பத்திரங்களைப் பார்த்தால்தான் தெரியும். வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா மூன்றையும் இணையத்திலேயே எடுக்கலாம். மூலப் பத்திரத்தின் நகல் கேளுங்கள். அதுவரை பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், பவர் பத்திரம், வெற்று முத்திரைத்தாள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தம்பியிடமும் இன்றே சொல்லுங்கள். அப்பா கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் பையன் எதை நீட்டினாலும் போட்டுக்கொடுத்துவிடுவான். பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பின்னால் உடைப்பது பெரும்பாடு.

சோறு போட வேண்டிய கடமை

விட்டுப்போனவர் கேட்க முடியாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சட்டத்தில் அப்படி எழுதவில்லை. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அவர் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு போடலாம். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் கேட்கலாம். திருமணமான மகளுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் சொந்தக்காரர்கள் படிப்பார்கள், வேறு பலன் இல்லை. அந்தக் காசுக்கு ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

அதே சமயம், மனு போட்டவுடன் பணம் வந்துவிடாது. தன் வருமானத்தாலோ சொத்தாலோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதவர் என்று அவர் காட்ட வேண்டும். நிலத்தில் பங்கு இருப்பவர், அதை விற்றுக் கையில் லட்சக்கணக்கில் வாங்கப் போகிறவர், இதைக் காட்டுவது சுலபமில்லை. கர்நாடகத்தில் இருப்பவர்களும் அவருக்குப் பிள்ளைகள்தான். உங்கள்மேல் மட்டும் மனு வந்தால் பொறுப்புள்ள மற்றவர்களையும் சேர்க்கச் சொல்ல சட்டத்தில் வழி உண்டு. அவர் உங்களை வளர்க்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். தொகையை முடிவு செய்யும்போது அது எடைபோடப்படலாம். ஆனால் அதை மட்டும் நம்பி, ஆஜராகாமல் இருந்துவிடாதீர்கள்.

அம்மாமேல் இந்த 2007 சட்டத்தில் பொறுப்பு இல்லை. அது பிள்ளைகளைப் பற்றியது. ஆனால் விவாகரத்து வழக்கு என்று ஒன்று வந்தால், அதில் கணவனும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இருவரின் நடத்தையையும் நீதிமன்றம் பார்க்கும்.

என்னைக் கேட்டால், கேஸ் வருவதற்கு முன்பே நீங்களும் தம்பியும் உட்கார்ந்து ஒரு வரம்பை முடிவு செய்யுங்கள். கையில் ரொக்கம் கொடுக்க வேண்டாம். குடிப்பழக்கம் விட்டதா என்று உங்களுக்குத் தெரியாது. மருந்துக் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுங்கள். சர்க்கரை மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். கால் புண்ணை மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்கு அது விரலையோ காலையோ எடுப்பதில் போய் முடியும். அப்புறம் செலவும் ஏறும், அவரைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டியிருக்கும். எதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மனமே இல்லை என்றால், நீங்கள் கொடுக்க வேண்டாம், கோர்ட் சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு முடிவுதான். அதற்காக யாரிடமும் நீங்கள் கெட்ட பெயர் சுமக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

விவாகரத்து வேண்டும் என்று அம்மா நினைத்தால், இரண்டு வருடம் தொடர்ந்து கைவிட்டது என்ற காரணமே போதும். வேறு பெண்ணோடு வாழ்ந்ததும் தனிக் காரணம். அவரும் ஒத்துக்கொண்டால் பரஸ்பர சம்மதத்தில் வாங்கலாம். அதில் வழக்கமாக இருக்கும் ஆறு மாதக் காத்திருப்பையும், தேவையில்லை என்று பட்டால், நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். இரண்டாம் கல்யாணம் என்று கிரிமினல் கேஸ் போடுவது பற்றி உங்கள் மாமா பேசுகிறாராம். அந்தப் பெண்ணே இல்லை, சடங்கு செய்து கல்யாணம் நடந்ததை இனி யார் வந்து சாட்சி சொல்வது? விட்டுவிடுங்கள்.

ஒரு நுணுக்கம் மட்டும் முக்கியம். கைவிட்டவர் உண்மையான மனதோடு "சேர்ந்து வாழ வருகிறேன்" என்று முன்வந்து, வழக்குப் போடுவதற்கு முன்பே அது நடந்து, மற்றவர் நியாயமில்லாமல் மறுத்தால், கைவிட்ட குற்றம் இடம் மாறிவிடும் என்று உச்ச நீதிமன்றம் 1950-களிலேயே சொல்லியிருக்கிறது. அம்மா மறுப்பதற்குத் தகுந்த காரணம் நிறைய இருக்கிறது: அடி, இன்னொரு குடும்பம், 21 வருட மௌனம். ஆனாலும் அவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதைத் தூக்கிப் பரணில் போடாதீர்கள். காரணங்களைச் சொல்லி எழுத்தில் பதில் போக வேண்டும். சாப்பாடு கொடுத்தனுப்பியதால் சேர்ந்து வாழ்ந்ததாக ஆகாது, அந்தப் பயம் வேண்டாம். கல்யாண மேடையில் இருவரும் ஜோடியாக நிற்கும் போட்டோவும் வழக்கைத் தோற்கடிக்காது. ஆனால் எதிர்த்தரப்பு அதைக் கொண்டுவந்து நீட்டும், அம்மா விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

விவாகரத்தில் நஷ்டமும் உண்டு. மனைவியாக இருக்கும்வரை அவருடைய நிலப் பங்கில் அம்மா முதல் நிலை வாரிசு. தீர்ப்பு வந்ததும் அந்த உரிமை போய்விடும். அதனால் விவாகரத்து கேட்காமல், உயிலை மட்டும் எழுதிவிட்டு, வீட்டுக்குள் விடாமல், தாலியோடு அப்படியே இருப்பது என்பது அம்மாவின் ஏமாளித்தனம் ஆகாது. கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அது நியாயமான வழிதான்.

பஞ்சாயத்து வேண்டும் என்றால் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வேண்டாம். மாவட்ட நீதிமன்றத்தில் சமரச மையம் இருக்கிறது. நிலம், வைத்தியச் செலவு, மணவிலக்கு மூன்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பேசலாம். நிலத்தில் வரும் பணத்தில் அவர் வைத்தியத்துக்கு ஒரு தொகையை வங்கியில் போட வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம்.

தம்பியும், கல்யாணப் பத்திரிகையும்

தம்பி துரோகம் செய்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா போகும்போது உங்களுக்குப் பத்து வயது. அடி விழும் சத்தத்தைக் கேட்டவர் நீங்கள். தம்பிக்கு நாலு வயது, அவருக்கு ஞாபகம் என்று ஒன்றும் இல்லை. ஸ்கூலில் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டபோதெல்லாம் முழித்த பையன் அவர். நீங்கள் பார்ப்பது திரும்பி வந்த ஆளை. தம்பி பார்ப்பது முதல்முறையாகக் கிடைத்த அப்பாவை. மறைத்தது தப்புதான், அதைச் சொல்லுங்கள். பேசக் கூடாது என்று மட்டும் தடுக்காதீர்கள். தடுத்தால் மறுபடியும் உங்களுக்குத் தெரியாமல்தான் பேசுவார். அந்த இடத்தில்தான் கையெழுத்துகளும் போய்விடும்.

பத்திரிகையில் யார் பெயர் போடுவது என்று எந்தச் சட்டமும் இல்லை. அம்மா பெயரில் அழைக்கலாம், மாமா பெயரில் அழைக்கலாம். தம்பியின் இனிஷியல் அவர் அப்பாவுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கும் மேடையில் நிற்கும் உரிமைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பெண் வீட்டாருக்கு இந்தக் கதை முழுதாகத் தெரியுமா? தெரியாவிட்டால் பத்திரிகை அடிப்பதற்கு முன்பு தம்பியும் மாமாவும் நேரில் போய்ச் சொல்லட்டும். முகூர்த்தத்தன்று மண்டப வாசலில் அவர்களாகத் தெரிந்துகொள்வது நன்றாக இருக்காது.

அம்மாவை எப்படித் தடுப்பது?

தடுக்க முடியாது, தடுக்க உங்களுக்கு உரிமையும் இல்லை. கடிதத்தில் அம்மா பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். தினமும் என்ன குழம்பு போகிறது என்பதுகூட இருக்கிறது. ஆனால் அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரியும் இல்லை. கேட்டீர்களா? கத்தினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அது வேறு.

அவர் சோறு அனுப்புவது பாசமாக இருக்கலாம். பசியோடு ஒருவன் கிடக்கிறான் என்ற சாதாரண இரக்கமாக இருக்கலாம். "பாரு, நீ விட்டுப்போன வீட்டிலிருந்துதான் உனக்குச் சோறு வருகிறது" என்ற வீம்பாகக்கூட இருக்கலாம். தம்பியின் கல்யாணம் முடியும்வரை ஊர் வாயை அடைக்கச் செய்கிற ஏற்பாடாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்து, வீடு கட்டி, இத்தனை வருடம் ஏமாறாமல் இருந்தவர் ஒரு போசி சாதத்தில் ஏமாந்துவிடுவார் என்று ஏன் நினைக்கிறீர்கள்? அவரை வீட்டுக்குள் சேர்க்க வேண்டும் என்று அம்மாவே ஒருநாள் முடிவு செய்தாலும், அது அம்மாவின் வீடு. அப்போது நீங்கள் அந்த ஆள் இருக்கும் நேரத்தில் போகாமல் இருக்கலாம், உங்கள் குழந்தையை அவரோடு தனியாக விடாமல் இருக்கலாம். அவற்றைத் தீர்மானிக்கும் உரிமை முழுக்க உங்களுடையது. நீங்கள் அவரை அப்பா என்று கூப்பிட்டாக வேண்டும் என்றும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அடுத்த வாரமே அம்மாவுக்கு ஒரு நாள் லீவு போடச் சொல்லி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். வீட்டுப் பத்திரம், பட்டா, இரண்டு ரேஷன் கார்டுகளின் நகல் (பழையது கிடைத்தால்), பி.எஃப். தாள், அப்பா வேறு குடும்பமாக இருந்ததற்கு ஏதாவது கடிதம், போட்டோ இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே அம்மா மட்டும் போய்ப் பேசட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள்.